பக்கத்து அலமாரி

தமிழில் ஒருவர் இன்னொருவருக்குப் புத்தகம் சொன்ன நிகழ்ச்சிகளில், 1880 அக்டோபர் 21ஆம் தேதி கும்பகோணத்தில் நடந்ததற்கு ஈடாக வேறொன்றை என்னால் நினைக்க முடியவில்லை. அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க உ.வே. சாமிநாதையர் போகிறார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வயது இருபத்தைந்து. என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரிக்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, உலா, தலபுராணம் என்று மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவற்றையெல்லாம் அடுக்குகிறார் இளைஞர். எந்தச் சபையிலும் மதிப்புத் தேடித் தந்திருக்கும் பட்டியல். முதலியாரை அது அசைக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார்.

சொன்னதோடு நிற்கவில்லை. தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தார். சைவ மடத்துப் படிப்பில் ஊறிய சாமிநாதையருக்கு அது முற்றிலும் அந்நியமான நூல். சமண சமயச் சொற்களும் கொள்கைகளும் விளங்காமல், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஏழாண்டு உழைப்புக்குப் பிறகு 1887இல் சிந்தாமணி அச்சில் வருகிறது. அடுத்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இந்த வரிசைக்கு முன்னால், முன்பின் பழக்கமில்லாத இரண்டு பேருக்கிடையே நடந்த ஒரு விசாரிப்பு இருக்கிறது.

சாமிநாதையரின் சுயசரிதையான 'என் சரித்திர'த்தில் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருப்பது முதலியாரின் துணிவு. எதிரில் இருப்பவர் மதிக்கும் நூல்களைப் போல இன்னொன்றை அவர் சொல்லவில்லை. அந்த இளைஞர் கைவைக்க நினைத்தே பார்த்திராத வேறொரு அலமாரியைக் காட்டினார். வேறு காலம், வேறு சமயம், வேறு இலக்கிய மரபு.

நாம் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர்மாறானது. தி. ஜானகிராமன் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் கு.ப.ரா.வைச் சொல்கிறோம். கு.ப.ரா.வைப் படித்துவிட்டு வந்தால் லா.ச.ரா. வரலாறு படிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் வரலாறு. இணையக் கடைகளும் இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள் என்று இதே வேலையை இரவு பகலாகச் செய்கின்றன. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் வாசகர் தன் சொந்த அலமாரிக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். கவிதை படிப்பவர் கவிதையே படிக்கிறார்; தத்துவம் படிப்பவர் தத்துவமே படிக்கிறார். சிறுபத்திரிகை வட்டத்திலேயே இதைப் பார்க்கிறோம். முப்பது ஆண்டு தீவிரமாக வாசித்த ஒருவருக்குத் தன் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைப் பற்றியோ, தினமும் சாப்பிடும் சோற்றைப் பற்றியோ ஒரு புத்தகம்கூடத் தெரிந்திருப்பதில்லை.

விமர்சகர் க.நா.சு.வை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 'படித்திருக்கிறீர்களா?' என்ற அவருடைய நூலின் தலைப்பே நேரில் நின்று கேட்பது போன்றது. அவர் போட்ட பட்டியல்கள் பலரைக் கோபப்படுத்தின. விடுபட்டவர்கள் விடுபட்டதற்காகவும், இடம்பெற்றவர்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதற்காகவும் கோபித்தார்கள். அந்தச் சண்டைகள் முடிந்துபோயின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தான் சொல்ல விரும்பிய புத்தகம் தமிழில் இல்லாதபோது அதை அவரே மொழிபெயர்த்துவிடுவார். நட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்க்விஸ்டின் 'அன்பு வழி' மூன்றும் அப்படி வந்தவை. நார்வேயின் காட்டுநிலத்தைத் திருத்திக் குடியேறும் ஒரு உழவனின் கதையைத் தமிழ் வாசகர் படித்தே ஆக வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றி, அதற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். சுந்தர ராமசாமியும் தன் முதல் நாவலை வெளியிடுவதற்கு முன்பே மலையாள எழுத்தாளர் தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' இரண்டையும் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். பரிந்துரை என்பது இவர்களுக்கு வாய்வார்த்தையாக இருக்கவில்லை.

புத்தகத்தையும் வாசகரையும் சேர்த்துவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாவது விதி வாசகரின் பக்கம் நின்று பேசுகிறது. மூன்றாவது புத்தகத்தின் பக்கம் நின்று பேசுகிறது. எடுப்பாரில்லாமல் தட்டில் கிடக்கும் நூலுக்கும் ஒரு உரிமை உண்டு என்கிறார். அதற்காகத்தான் அலமாரிகளைப் பூட்டி வைக்காதீர்கள், வாசகரை உள்ளே நடமாட விடுங்கள் என்று வாதாடினார். தேடி வந்த நூலுக்குப் பக்கத்தில் தேடாத நூல் கண்ணில் படும். ஆனால் பகுப்பு எண்கள் ஒரு எல்லைவரைதான் உதவும். டியூயி முறையில் சமையல் 641.5, பறவைகள் 598, தமிழ் இலக்கியம் 894.811. இவை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வரவே வராது. அந்தத் தூரத்தைக் கடந்து இரண்டு நூல்களைச் சேர்த்து வைக்க மனிதர்களால்தான் முடியும்.

ஆகவே சில காலமாக நான் புத்தகங்களை ஜோடியாகத்தான் சொல்லிவருகிறேன். ஒன்றைக் கேட்பவருக்கு இரண்டு. இரண்டும் வெவ்வேறு தட்டிலிருந்து.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. கல்யாணமாகிப் புக்ககம் போகும் பெண்ணிடம் சீர்வரிசையோடு கொடுத்தனுப்பிய நூல். மெட்ரிக் அளவை நாட்டில் நடைமுறைக்கு வருவதற்கு முன் எழுதப்பட்டது. இதைச் சமைப்பதற்காக மட்டுமல்ல, உரைநடைக்காகவும் படிக்கச் சொல்கிறேன். எந்தச் சாமானை எப்போது போடுவது, எது என்ன பதத்துக்கு வந்ததும் இறக்குவது என்று, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளில்லாத ஒரு பெண்ணை மனத்தில் வைத்து எழுதிய வாக்கியங்கள் அவை. அலங்காரம் கிடையாது. ஒரு சொல்லை எடுத்துவிட்டால் குழம்பு கெட்டுப்போகும். இதனோடு தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழக'த்தைப் (1997) படிக்க வேண்டும். உப்பு, எண்ணெய், தேங்காய், உரல், உலக்கை என்று வீட்டுக்குள் கிடக்கும் பொருள்களை எடுத்து அவற்றின் சமூக வரலாற்றைச் சொல்கிறவர் அவர். பல்லாங்குழி ஆட்டத்தில் ஒருவர் குழி நிறைவதும் இன்னொருவர் குழி காலியாவதும் தனிச்சொத்தும் ஏற்றத்தாழ்வும் வந்த கதையைச் சொல்வதாக அவர் காட்டும் இடத்தை, வீட்டில் அந்த ஆட்டம் ஆடியவர்கள் மறக்க மாட்டார்கள். மிளகாய் வருவதற்கு முன் நம் காரம் மிளகுதான் என்று அவர் சொல்வதைப் படித்துவிட்டு மீனாட்சி அம்மாளிடம் திரும்பினால், வற்றல் குழம்பும் மிளகு ரசமும் வேறுமாதிரித் தெரிகின்றன. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின் வந்தது; ஏறக்குறைய ஐந்நூறு வயதுதான். மிளகு சங்கப் பாட்டிலேயே கப்பலேறியது. இரண்டும் ஒரே அடுக்களையில் பக்கத்தில் பக்கத்தில் கொதிக்கின்றன. இன்னொன்றும் தெரியவரும். 'சமைத்துப் பார்' ஒரு சமூகத்தின் சமையலறை. அதில் கறியில்லை, மீனில்லை, கருவாடில்லை. தொ.ப.வின் புத்தகம் அந்தச் சமையலறையின் சுவருக்கு வெளியே இருக்கும் ஊரைக் காட்டுகிறது.

ஆசிரியர்களுக்கும், அதைவிட முக்கியமாகப் பெற்றோருக்கும், நான் சொல்லும் ஜோடி சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரிய'ரும் டெட்சுகோ குரோயாநாகியின் 'டோட்டோ சா'னும். முதலாவது, சோவியத் நூல்கள் மலிவு விலையில் நம் ஊர்களுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் பலர் படித்தது. 1920களில் கிர்கிஸிய மலைக் கிராமமொன்றில் தூய்ஷேன் என்ற இளைஞன் ஒரு பழைய குதிரைலாயத்தைக் கூட்டிப் பெருக்கிப் பள்ளிக்கூடம் தொடங்குகிறான். அவனுக்கே எழுத்து முழுதாகத் தெரியாது. ஊரார் சிரிக்கிறார்கள். பனி உறைந்த ஓடையைக் குழந்தைகள் கடக்க முடியாதபோது ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீரில் இறங்குகிறான். அல்தினாய் என்ற அநாதைச் சிறுமியை, விற்கப்பட்ட வாழ்விலிருந்து மீட்டுப் படிக்க அனுப்புகிறான். அவள் பெரிய அறிஞராகித் திரும்பி வரும்போது கிராமத்துக்கு அவனுடைய அருமை தெரியவில்லை.

'டோட்டோ சான்' நடப்பது டோக்கியோவில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட ஒரு சிறுமி. ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய டோமோயி என்ற பள்ளி. அதன் தலைமையாசிரியர் கோபாயாஷி ஐரோப்பா போய் இசையோடு உடலசைவைச் சேர்த்துக் கற்பிக்கும் முறையைப் படித்து வந்தவர். புதிதாக வந்த சிறுமி பேசப் பேச, முதல் நாள் நான்கு மணிநேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. 1945 குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோகிறது. தீயைப் பார்த்தபடி நிற்கும் அவர், அடுத்து எந்த மாதிரிப் பள்ளி கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறார்.

ஒருவருக்குக் கல்வியியல் முழுவதும் தெரியும். ஒருவனுக்கு அகரவரிசைக்கு மேல் அதிகம் தெரியாது. இரண்டு புத்தகங்களையும் தனித்தனியாகப் படித்தவர்கள், கோபாயாஷியின் முறையைப் புகழ்வார்கள், தூய்ஷேனின் தியாகத்தைப் புகழ்வார்கள். சேர்த்துப் படித்தால் முறையும் தியாகமும் பின்னால் போய்விடும். இருவருமே எதிரில் நிற்கும் குழந்தையை ஒரு முழு ஆளாகப் பார்த்தார்கள் என்பதே மிஞ்சும். நம் பள்ளிகளைப் பற்றிக் கவலைப்படும் யாரும் இந்த இரண்டையும் ஒரு வாரத்துக்குள் படித்துவிடலாம். இரண்டும் சின்ன நூல்கள்தான். குழந்தையைத் திட்டுவதற்கு முன் கை தயங்கும், வாய் தயங்கும். அதுவே போதும்.

மருத்துவமனை வராந்தாவில் நாள் கணக்காகக் காத்திருக்க நேர்ந்தவர்களுக்கு தாராசங்கர் பந்தோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதன'த்தைச் சொல்வேன். த.நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பு. ஜீவன் மஷாய் என்ற கிராமத்து வைத்தியர் நாடி பிடித்தால் சாவு வரும் நாளைச் சொல்லிவிடுவார். சொந்த மகனின் நாடியிலும் அதைப் பார்க்கிறார். மனைவி அதற்காக அவரை மன்னிப்பதே இல்லை. ஊருக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர் பிரத்யோத், பிழைக்க வைக்க வேண்டியவர் சாவைப் பற்றிப் பேசலாமா என்று கோபப்படுகிறார். நாவலின் பெருமை, இரண்டு பேரில் யாரையும் தாராசங்கர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதில் இருக்கிறது. மஷாய் நாள் குறித்துவிட்ட ஒரு கிழவியை அறுவைச் சிகிச்சை பிழைக்க வைக்கிறது. பென்சிலின் வந்துவிட்ட காலம். பழையதன் ஞானத்தை ஏற்றிப் புதியதைத் தாழ்த்தும் எளிய வழி அவருக்குத் திறந்தே இருந்தது; அதில் அவர் போகவில்லை.

ஆனால் இந்த நாவலை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் சாவு என்பது ஒரு தத்துவ விஷயமாக, ஞானத்தோடு வரவேற்க வேண்டிய விருந்தாளியாக மனத்தில் தங்கிவிடும். அதற்காகத்தான் இதனோடு பி.எச். டேனியலின் 'எரியும் பனிக்காட்டை'யும் கொடுக்கிறேன். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர் டேனியல். 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமையில் பஞ்சம் பிழைக்க வழியில்லாத கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். கடன் தீரவே தீராது. மலேரியாவில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். அங்கே நாடி பார்க்க மஷாயும் இல்லை, ஊசி போடப் பிரத்யோத்தும் இல்லை. இங்கே சாவு தத்துவமாக வரவில்லை, தோட்டத்துக் கணக்கேட்டில் ஒரு ஆள் குறைவாக வருகிறது. யாருக்கு வைத்தியம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வியை வங்காளத்து நாவலுக்குள்ளும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகச் செய்கிறது டேனியலின் புத்தகம். கலையாக்கத்தில் தாராசங்கர் எங்கோ உயரத்தில் இருக்கிறார்; டேனியலின் நாவலில் பல இடங்கள் அறிக்கைபோல இருக்கின்றன. இருக்கட்டும். ஒரு மருத்துவர் தன் கண்ணால் பார்த்ததைச் சாட்சி சொல்லியே தீர வேண்டும் என்று எழுதியது அது. அந்தச் சாட்சியத்துக்கு முன்னால் கலையழகை மட்டும் அளந்துகொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காலையில் டீ குடிக்கும் எல்லோரும் படிக்க வேண்டிய நூல்.

அடுத்த ஜோடிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்சிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி ஏறக்குறைய கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார்கள், ஊரில் என்ன வதந்தி, துப்ளெக்சின் மனைவி என்ன சூழ்ச்சி செய்தாள் என்று எல்லாமே பதிவாகியிருக்கிறது. அச்சுக்குப் போகும் என்று எண்ணாமல் எழுதிய, தெலுங்கும் பாரசீகமும் போர்ச்சுக்கீசியமும் பிரெஞ்சும் கலந்த பேச்சுத்தமிழ். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். சரக்கு விவரங்களில் சோர்ந்துபோவீர்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடிக்கும் இடத்தில் தொடங்குங்கள். பிறகு 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்படும் பகுதிக்குப் போங்கள். ஆட்சியாளருக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்த மனிதர், தன் ஊர்க் கோயில் இடிபடுவதைத் தடுக்க முடியாமல் அதை எழுதி வைக்கிறார். வருத்தமும் கணக்கும் ஒரே கையெழுத்தில் வருகின்றன. 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு அவர் இறந்தார்.

இதன் பக்கத்தில் வைக்க வேண்டியது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). சிங்கம்புணரியிலிருந்து இளம் வயதில் மேடானுக்கு வேலைக்குப் போய், போர் முடிந்த பின் திரும்பி, மதுரையில் நாளிதழ் அலுவலகத்தில் வேலை பார்த்த மனிதர் எழுதியது. ஜப்பானியர் சுமத்ராவைப் பிடிக்கும்போது அங்கே வட்டிக்கடை வைத்திருக்கும் தமிழர்கள், அவர்களுடைய கணக்குப் புத்தகங்கள், அடுத்தாட்கள், பினாங்குத் தெருக்கள், இந்திய தேசிய ராணுவம், இவற்றுக்கு நடுவே பாண்டியன் என்ற இளைஞன். நாட்குறிப்பையும் நாவலையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது இருநூறு ஆண்டு இடைவெளி கரைந்துபோகிறது. இரண்டிலும் யாரோ இரண்டு வல்லரசுகள் சண்டை போடுகின்றன. இரண்டிலும் ஒரு தமிழ் வணிகன் அந்தச் சண்டைக்குள் நின்று, எந்தக் காசு நாளைக்குச் செல்லும், எந்தக் கொடி நாளைக்கு இறங்கும் என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளை, கொடி இறங்குவதற்குள் போய்ச்சேர்ந்துவிட்டார். சிங்காரத்தின் மனிதர்கள் கொடி இறங்குவதையும் பார்த்துவிட்டு, ஊர் ஞாபகத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்கள். தமிழில் போரைப் பற்றிய நாவல் குறைவு என்று குறைப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் படித்துவிட்டுச் சொல்லட்டும். சிங்காரத்தின் நாவலில் மாணிக்கமும் பாண்டியனும் தமிழ்ப் பெருமையைக் கிழித்துப் பேசும் பகுதிகளில் சிலர் நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டாம். வெறுப்பிலிருந்து வந்த பேச்சு இல்லை அது. வெளியூரில் தனித்து விடப்பட்டவர்கள் தங்கள் மொழியோடு போடும் சண்டை.

பறவைகளுக்கு வருகிறேன். மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று வெளியிட்டார். ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை இயற்கை பற்றி விடாமல் பத்தி எழுதியவர் கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வீட்டைச் சுற்றிக் கண்ணில் படும் சாதாரணப் பிராணிகளையும் பார்க்கத் தெரிந்தவர். இதற்குத் துணை பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்'. பாட்டில் வரும் பறவை எது என்று அதன் நிறம், அலகு, கூடு, குரல் எல்லாவற்றையும் வைத்து அடையாளம் காண முயலும் நூல். தமிழாசிரியர்கள் பொழிப்புரையில் ஒருவகைப் பறவை என்று எழுதிவிட்டுக் கடந்துபோகும் இடங்களில் இவர் நிற்கிறார். சத்திமுத்தப் புலவரின் நாரை, துணையோடு தெற்கே குமரிக்கு வந்து வடக்கே திரும்பும் பறவை. வலசையை நேரில் கவனித்த ஒருவர் பாடியது அது என்று இந்த இரண்டு நூல்களையும் படித்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிருஷ்ணன் 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். துப்பறியும் கதை மட்டும் படிக்கிறவர்களை இந்த வாசல் வழியாகவும் உள்ளே அழைத்து வரலாம்.

புத்தகம் என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைக்கம் முகமது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. வீடு நிறைய மனிதர்கள், கோழிகள், பூனைகள், சத்தம், பசி. தங்கையின் ஆடு பஷீர் எழுதிய 'பால்யகால சகி'யையும் 'சப்தங்க'ளையும் தின்றுவிடுகிறது. எழுத்தாளர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கம்பளியில் வாய் வைக்கப் போனபோதுதான் ஓடிப்போய்த் தடுக்கிறார். இதைப் படித்துச் சிரித்தவர் அடுத்த புத்தகத்துக்குத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம். அவருக்கு நான் கொடுப்பது 'என் சரித்திரம்'. ஏடுகளைத் தேடி ஊர் ஊராகப் போன மனிதர், கரிவலம்வந்தநல்லூரில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுத் துடிக்கும் இடம் அதில் வருகிறது. ஒருவர் தன் புத்தகத்தை ஆடு தின்னும்போது சிரிக்கிறார். ஒருவர் யாரோ எழுதிய ஏட்டை நெருப்பு தின்றதற்காக ஆயுள் முழுதும் வருந்துகிறார். புத்தகத்தின் மேல் வைக்கக்கூடிய அன்பில் இந்த இரண்டு வகையும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சோறு கிடைத்ததா என்று பஷீர் கவலைப்படுகிறார். அந்தக் கவலைக்கு முன்னால் அச்சடித்த பிரதி பெரிதில்லை. சாமிநாதையருக்கு முன்னால் இருந்தது வேறு பிரதியே இல்லாத ஏடு. 1940 தொடக்கம் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்த இந்தச் சுயசரிதை, 1942இல் அவர் மறைந்ததால் முடிவு பெறாமல் 122ஆம் அத்தியாயத்தோடு நிற்கிறது. பக்கக் கனத்தைப் பார்த்து மிரள வேண்டாம். தொடர்கதைபோல நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளலாம். அது அப்படிப் படிக்கத்தான் எழுதப்பட்டது.

எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுப்பதும் பரிந்துரையில் சேர்ந்ததுதான். எங்கே தொடங்கலாம், எதைத் தாண்டலாம், எந்த இடத்தில் பொறுக்க வேண்டும் என்று நம் கைப்பட ஒரு சீட்டு எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தால், அந்தப் புத்தகம் படிக்கப்படாமல் திரும்பி வருவது அபூர்வம். அந்தச் சீட்டில் குறையையும் எழுத வேண்டும். குறை சொல்லாமல் புகழ்ந்து கொடுத்த நூலில் வாசகர் முதல் சலிப்பை உணரும்போது, நம் மேல் வைத்த நம்பிக்கையும் சேர்ந்து போய்விடுகிறது.

அகராதிகளைப் படிக்கச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டாரச் சொல்லகராதியை எடுத்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு வீடு, ஒரு சண்டை, ஒரு மழைக்காலம் இருக்கும். ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' (1910) தனியொருவர் தொகுத்த கலைக்களஞ்சியம்; பாண்டித்துரைத் தேவர் துணைநிற்க மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அதில் புராணப் பாத்திரங்களும் மூலிகைகளும் அரசர்களும் அகர வரிசையில் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். முடிக்க வேண்டிய கட்டாயமில்லாத நூல்களுக்கு ஒரு தனி இன்பம் உண்டு.

இத்தனை சொல்லியும் என் அலமாரியில் ஒரு புத்தகம் இன்னும் தனியாக நிற்கிறது. யா. பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. ருஷ்யாவில் 1913இல் முதலில் வந்தது. மீர் பதிப்பகம் தமிழில் கொண்டுவந்தது. அன்றாட வாழ்வில் கண்ணெதிரே நடப்பதையும் ஜூல்ஸ் வெர்னின் கதைகளில் நடப்பதையும் எடுத்து வைத்துக்கொண்டு, இது எப்படி நடக்கிறது, இது நடக்குமா என்று கேட்டுக்கொண்டே போகும் நூல். இதை எழுதியவர் 1942இல் லெனின்கிராட் முற்றுகையின் பட்டினியில் இறந்தார். இதற்குத் தமிழில் எதைத் துணை வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. பெ.நா. அப்புஸ்வாமியை வைக்கலாம், ஆனால் அது அறிவியலுக்குப் பக்கத்தில் அறிவியல், அதே அலமாரி. நாதஸ்வரம் செய்கிறவர்கள், வள்ளம் கட்டுகிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள் தங்கள் தொழிலைத் தாங்களே எழுதிய நூல் ஏதாவது இருந்தால் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. மரத்தில் துளை எங்கே விழ வேண்டும், வள்ளம் ஏன் சாய்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிந்த பௌதிகம். அப்படியொரு புத்தகத்தைப் படித்தவர்கள், அது எந்த ஊர் நூலகத்தின் எந்த மூலையில் கிடந்தாலும், பெயரைத் தெரிவித்தால் பஸ் ஏறி வந்து படிப்பேன்.